விலக்குவதற்கு மட்டும்தானா விதி?

உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பாடநூலைப் படித்த எவருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை முறை. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921இல் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வரிவரியாகச் சொல்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எடுத்துக்காட்டியதும் இவ்வூர்க் கல்வெட்டைத்தான். முப்பது குடும்புகள், குடத்தில் இடப்பட்ட ஓலைகள், அதில் ஒன்றை எடுத்துத் தரும் சிறுவன் என அந்தக் காட்சி நமக்கு நன்கு பழக்கமானது.

அதே கல்வெட்டில் உள்ள தகுதியின்மைப் பட்டியல் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோருடன் ஐம்பெரும் பாவங்களில் முதல் நான்கைச் செய்தவர்களின் பெயரும் குடத்தில் இடப்படக் கூடாது என்கிறது அது. அந்த நான்கில் ஒன்று மது அருந்துதல். ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் மேற்பார்வையிடும் பொறுப்பில் இருப்பவர் குடிப்பழக்கம் உடையவராக இருக்கக் கூடாது என்று ஓர் ஊர் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே விதி செய்து, அதை எல்லோரும் பார்க்கும் சுவரில் பொறித்தும் வைத்திருக்கிறது.

இன்று அதே ஊரிலிருந்து விடியற்காலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்துகள் புறப்படுகின்றன. சுற்றுவட்டாரக் கல் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் லாரிகள் ஓடுகின்றன. அருகில் திருப்புலிவனத்தில் உள்ள அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பகுதிகளில் உள்ள தனியார் கல்லூரிகளுக்கும் இளைஞர்கள் செல்கின்றனர். இவர்களில் மிகப் பலர் சேர்க்கையின்போதோ பணியில் சேர்ந்தபோதோ ஏதோ ஒரு விதித்தாளில் கையொப்பம் இட்டிருப்பார்கள். போதைப்பொருளும் மதுவும் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரி இருக்கும்: நீக்கம். இந்த இரண்டு வரிகளுக்கு இடையே சொல்லப்படாமல் விடப்படுவதில்தான் பல குடும்பங்களின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

சட்டத்தில் குறைவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. இளநிலைப் பட்ட மாணவர்களில் பெரும்பாலானோர் இந்த வயதுக்குக் கீழே இருப்பவர்கள். அவர்களுக்கு மது விற்பதே விதிமீறல். கல்வி நிலையங்களிலிருந்து நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டப்படி, கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்க முடியாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா வைத்திருப்பதையும் விற்பதையும் மட்டுமல்ல, பயன்படுத்துவதையும் குற்றமாக்கியிருக்கிறது.

ஊழியர்களுக்கும் அப்படியே. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22ஆம் விதி, பணி நேரத்தில் போதையில் இருக்கக் கூடாது, பொது இடத்தில் அருந்தக் கூடாது, போதையுடன் பொது இடத்தில் தோன்றக் கூடாது, அளவுமீறி அருந்தக் கூடாது என்று படிப்படியாகச் சொல்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டினால், முதல் முறையே ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. ஊழியர் இழப்பீடு தொடர்பான சட்டத்தின்படி, வேலையின்போது நேர்ந்த விபத்துக்குத் தொழிலாளி போதையில் இருந்ததே நேரடிக் காரணம் என்றால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாதவரை, நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. கிரஷரில் இரண்டு விரல்களை இழந்தவர் முந்தைய இரவின் குடி தெளியாமல் வேலைக்கு வந்திருந்தார் என்று நிறுவப்பட்டால், விரல்களோடு இழப்பீட்டையும் இழக்க நேரிடும்.

இத்தனை சட்டங்களும் தனித்தனி ஏடுகளில் கிடக்கின்றன. ஆனால், அவை ஆளும் மனிதர் ஒருவரே. இருபது வயதில் பாலிடெக்னிக் மாணவராக இருப்பவர், இருபத்தொன்றில் ஒரகடத்தில் பயிற்சித் தொழிலாளி ஆகிறார்; இருபத்திரண்டில் ஒப்பந்தத் தொழிலாளி. கல்லூரியில் தொடங்கிய பழக்கம் தொழிற்சாலைக்கு உடன் செல்கிறது. அல்லது தொழிற்சாலையில் இரவு ஷிப்டின் களைப்பில் தொடங்கிய பழக்கம் ஊரில் உள்ள தம்பியிடம் வந்து சேர்கிறது. நிரந்தர ஊழியராக இருந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்ற வரிசையாவது உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்: "நாளையிலிருந்து வர வேண்டாம்." அவருக்கு அதுவே குற்றச்சாட்டு, அதுவே விசாரணை, அதுவே தீர்ப்பு.

நடைமுறை எப்படி இருக்கிறது என்பதற்குப் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஆகஸ்ட் 31 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தாம்பரம் மாநகரக் காவல் துறை சோதனை நடத்தியது. ஏறத்தாழ ஆயிரம் காவலர்கள், ஐந்நூறு வீடுகள் அளவில் நடந்த பெரும் சோதனை அது. சிக்கியவை அரைக் கிலோ அளவிலான கஞ்சாவும், கஞ்சா சாக்லேட், கஞ்சா எண்ணெய் போன்ற சில பொருள்களும். மாணவர்கள் சிலர் பிடிக்கப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டனர். போதைப்பொருள் சட்டத்தின் கணக்கில் ஒரு கிலோ வரையிலான கஞ்சா 'சிறிய அளவு'. வணிக அளவு என்பது 20 கிலோவில் தொடங்குகிறது.

சோதனை தவறு என்பதல்ல வாதம். மாணவர்களுக்கு விற்கும் கண்ணிகளைத் தேடிப் பிடிப்பது காவல் துறையின் கடமை. ஆனால், இத்தகைய சோதனைகளில் வலையில் விழுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவோரும் கைமாற்றித் தருவோருமே. மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குபவர் அந்த அறைகளில் தங்குவதில்லை. பிடிபட்ட மாணவர் காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்த பிறகு என்ன ஆகிறார் என்பதுதான் விதிகளை எழுதுவோர் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சட்டம் அதைச் சிந்தித்திருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டு, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக ஏற்றால், வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கிறது. 39ஆம் பிரிவு, அத்தகையவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவந்து, உடல்நோய்க்கு நிகரான சிகிச்சை உரிமையை வழங்கியிருக்கிறது. கடும் சட்டம் என்று பெயரெடுத்த சட்டமே விற்பவரையும் வீழ்ந்தவரையும் பிரித்துப் பார்க்கிறது. கல்லூரிக் கையேட்டின் ஒற்றை வரிக்கு அந்தப் பார்வை இல்லை.

விமானப் போக்குவரத்துத் துறையைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் விமானியின் கையில் இருக்கின்றன. அதனால் பறப்பதற்கு முன் மூச்சுப் பரிசோதனையில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. முதல் முறை சிக்கினால் மூன்று மாதம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு உரிமம் இடைநிறுத்தம். மூன்றாம் முறை உரிமம் ரத்து. 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் பரிசோதனை விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. முதல் முறை உறுதியானால் போதை மீட்புச் சிகிச்சை. அது முடிந்து, மறுபரிசோதனையில் தேறி, உடல்தகுதிச் சான்று பெற்றால் மீண்டும் பணி. விமானிக்கு இரண்டாம் வாய்ப்பைத் தரும் நாட்டில், முதலாமாண்டு வரலாறு படிக்கும் கிராமத்து மாணவருக்கு முதல் தவறிலேயே மாற்றுச் சான்றிதழைத் தந்து அனுப்புவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அந்தச் சான்றிதழில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதப்படும் ஒரு சொல் அடுத்த கல்லூரியின் வாசலையும் மூடிவிடும்.

கடுமைதான் பயனளிக்கும் என்று நம்புவோர் ஓர் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவதாகக் கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும் அது சொன்னது. மீதமுள்ள 37 பேர் ஏன் வரவில்லை? மையங்கள் போதாமை ஒரு காரணம். வெளியே தெரிந்தால் வேலை போகும், படிப்பு போகும், பெயர் கெடும் என்ற அச்சமும் ஒரு காரணம். 'உடனடி நீக்கம்' என்ற விதி அந்த அச்சத்துக்கு முத்திரை குத்தித் தருகிறது.

அச்சத்தின் விலை சில நேரங்களில் உயிர். விடுதி அறையில் அளவுக்கு மீறி உட்கொண்டு மயங்கிக் கிடக்கும் நண்பனைப் பார்க்கும் மாணவர், விடுதிக் காப்பாளரை அழைத்தால் இருவரும் நீக்கப்படுவோம் என்று நினைத்தால் என்ன செய்வார்? கதவைச் சாத்திவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இதை உணர்ந்தே, உதவிக்கு அழைத்தவர் மீதும் யாருக்காக அழைக்கப்பட்டதோ அவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று விதியில் எழுதி வைத்திருக்கின்றன. நம் விடுதிகளின் விதித்தாளில் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் செலவு ஏதுமில்லை.

மாற்றுக் கருத்துக்கும் வலு உண்டு. ஒழுக்கத்தைத் தளர்த்தினால், படிக்க வந்த மற்ற மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், பாதுகாப்பற்றவர்களாக உணர்வார்கள் என்று பெற்றோர் அஞ்சுவதைத் தள்ளிவிட முடியாது. போதையில் கிரேன் இயக்குபவரால் பக்கத்தில் நிற்பவரின் உயிர் போகலாம். எனவே, அவரை அந்தக் கணமே இயந்திரத்திலிருந்து இறக்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. வளாகத்துக்குள் விற்பனை செய்பவர் மாணவரே ஆனாலும் சட்டத்தின் முன் நிறுத்தப்பட வேண்டும். ஆனால், இயந்திரத்திலிருந்து இறக்குவதும் வாழ்க்கையிலிருந்து இறக்குவதும் ஒன்றல்ல. நீக்கப்பட்ட மாணவரோ தொழிலாளியோ காணாமல் போய்விடுவதில்லை. அதே ஊருக்குத்தான் திரும்பி வருகிறார். அங்கே அவருக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. பழக்கம் மட்டும் மிச்சம். கல்லூரி தன் சிக்கலைத் தீர்த்துக்கொண்டதாக எண்ணுகிறது. உண்மையில் அது சிக்கலை ஊருக்குக் கைமாற்றியிருக்கிறது.

அதன் விளைவை இந்த வட்டாரம் அருகிலிருந்தே பார்த்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் உத்திரமேரூருக்கு அண்டையில் உள்ள மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராய மரணங்களுக்கு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். எந்த நிறுவனத்தின் விதித்தாளிலும் பெயர் இல்லாதவர்கள். விதிகளின் வட்டத்திலிருந்து வெளியே தள்ளப்படுபவர்கள் எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதை அந்த மரணங்கள் சொல்கின்றன.

இளைஞர்களுக்கு விதி சொல்லும் தகுதி நமக்கு எந்த அளவுக்கு இருக்கிறது என்பதையும் பேசாமல் இருக்க முடியாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது; 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்று நடத்துகிறது. 2023-24 நிதியாண்டில் மட்டும் இதன் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். மது, போதைப்பொருள் பயன்பாட்டைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு. 2022 ஆகஸ்டில் மாணவர்கள் மாநிலம் முழுவதும் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி ஏற்றார்கள். ஏற்றுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வழியில் மதுக்கடை வரிசையைக் கடந்திருப்பார்கள்? அந்த வரிசையில் ஆசிரியரோ மேற்பார்வையாளரோ தந்தையோ நிற்பதைக் கண்ட மாணவருக்கு விதித்தாளின் மீது எப்படி மதிப்பு வரும்?

இங்கேதான் உத்திரமேரூர்ச் சுவர் மீண்டும் நினைவுக்கு வருகிறது. அந்தச் சுவரின் விதிகளில் இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, விதி ஒளிவுமறைவின்றி, படிக்கத் தெரிந்த எவரும் படிக்கும் இடத்தில் இருந்தது. இரண்டு, அந்த விதி ஆளப்படுபவருக்கு அல்ல, ஆளுகிற பொறுப்புக்கு வருபவருக்கு எழுதப்பட்டது. நம் காலத்து விதிகள் இதற்கு நேர்மாறானவை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கின்றன. மாணவருக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும்தான் பொருந்துகின்றன.

அதே சுவரில் பெருங்குறைகளும் உண்டு. அந்தச் சபை, வேதக் கல்வியும் நிலமும் உடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. குற்றம் செய்தவரோடு அவருடைய உறவினர்களையும் அது விலக்கியது. பரிகாரம் செய்து தூய்மையடைந்தவர்களில் சில வகையினருக்கும்கூட வாழ்நாள் முழுவதும் குடவோலையில் இடமில்லை என்றது. சுவரின் சிறப்புகளைக் கைவிட்ட நாம் குறைகளை மட்டும் பத்திரமாகக் காத்துவருகிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒருவர் நீக்கப்படும்போது, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய தாயும், அண்ணனைப் பார்த்துப் படிக்க நினைத்த தங்கையும் சேர்த்தே தண்டிக்கப்படுகிறார்கள். திருந்தித் திரும்பி வருபவருக்கு அங்கே வழியில்லை.

மாற்றி எழுதுவது இயலாத காரியம் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே, பணியிட மது, போதைப் பிரச்சினைகளை மற்ற உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே அணுக வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. அமெரிக்காவில் 1989இல் வந்த சட்டம், அரசு நிதி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் ஊழியருக்கும் விதிகள், தண்டனைகள், உடல்நலக் கேடுகள், கிடைக்கும் உதவிகள் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. அந்த விதிகள் பயனளிக்கின்றனவா என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிடவும் சொல்கிறது. விதியை எழுதியவரே விதிக்குத் தேர்வு வைக்கும் ஏற்பாடு அது.

நம் கல்லூரிகளும் நிறுவனங்களும் செய்யக்கூடியவை சில உண்டு. விதிகள் ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எழுதப்பட்டுச் சேர்க்கை நாளில் பெற்றோர் முன்னிலையில் படித்துக் காட்டப்பட வேண்டும். அதே பக்கம் முதல்வர், பேராசிரியர், அலுவலர், ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர் அனைவருக்கும் பொருந்த வேண்டும். விற்பனை, பயன்பாடு, அடிமைநிலை ஆகிய மூன்றும் தனித்தனியாகக் கையாளப்பட வேண்டும். பயன்பாட்டுக்கு முதலில் ஆலோசனையும் சிகிச்சையும், பிறகே இடைநீக்கம், இறுதியாகவே நீக்கம் என்ற படிவரிசை வேண்டும். பரிசோதனை, உயிர் ஆபத்துள்ள பணிகளுக்கு மட்டும், முடிவுகள் வெளியே கசியாத வகையில் நடத்தப்பட வேண்டும். சிகிச்சைக்குச் செல்லும் மாணவருக்கு வருகைப் பதிவில் சலுகையும், தொழிலாளிக்கு வேலை போகாத விடுப்பும் உறுதி செய்யப்பட வேண்டும்.

அரசின் பங்கும் இருக்கிறது. சிகிச்சை என்று எழுதிவிட்டுச் சிகிச்சை எட்டாத தொலைவில் இருந்தால் விதி வெறும் காகிதம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் உத்திரமேரூர் அரசு மருத்துவமனை போன்ற வட்ட மருத்துவமனைகளில் குறிப்பிட்ட கிழமையில், ஷிப்டு முடிந்து வருபவருக்கும் பொருந்தும் மாலை நேரத்தில், போதை மீட்பு ஆலோசனை கிடைக்க வேண்டும். இன்றே பயன்படுத்தக்கூடிய உதவி எண்களும் இருக்கின்றன: போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமற்றவை. கல்லூரி வாசலிலும் தொழிற்சாலைக் கழிப்பறைச் சுவரிலும், யாரும் பார்க்காதபோது குறித்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக அவற்றை எழுதி வைக்கலாம்.

ஒவ்வொரு ஆண்டும் கோடையில் கல்லூரிகள் கையேட்டை அச்சுக்கு அனுப்புகின்றன. போதைப்பொருள் பற்றிய அந்தப் பழைய இரண்டு வரிகள் பார்வையிடப்படாமலே மறு அச்சாகின்றன. அடுத்த முறை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் எவரேனும் ஒருவர் அந்தப் பக்கத்தில் பேனாவை வைக்கட்டும். "உதவி கேட்டு வருபவர் நீக்கப்பட மாட்டார்" என்ற ஒரு வரியை அங்கே சேர்க்கட்டும்.